ஆற்றில் எடுத்த வெள்ளிமீன்

இராயப்பனுக்கு இடுப்புக்குக் கீழே இருந்த உடம்பு தன்னுடையதாகவே தோன்றவில்லை. விடிந்ததிலிருந்து தொப்புள் முட்டும் தண்ணீரில் நின்றதில் தொடை இரண்டும் கட்டைபோல மரத்துவிட்டன. இடது இடுப்பு மூட்டில் மட்டும் உயிர் இருந்தது. அந்த உயிரும் வலியாகத்தான் இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தால் உள்ளே யாரோ ஆப்பு வைத்து அறைவது மாதிரி ஒரு குத்து. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலை எடுப்பான். சேறு அந்தக் காலை லேசில் விடாது.

சுங்கை பினாங்கு ஆற்றைத் துப்புரவு செய்கிற கூட்டத்தில் அவன் ஒருவன். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்க வேண்டும், கடல் ஏறி வருவதற்குள் கரையேறிவிட வேண்டும். சவ்வரிசி ஆலைக் கழிவு, செத்த நாய், உடைந்த சம்பான் படகுப் பலகை, நீப்பாப் பனை மட்டை என்று பாலத்துக் கால்களில் சுற்றிக் கிடப்பதை எல்லாம் பாராங் கத்தியால் வெட்டி, கொக்கி போட்டு இழுத்து, கரையில் குவிக்க வேண்டும். மண்டோர் பழனியப்பன் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று வேலை வாங்குவார். நாற்றத்துக்கு மூக்கில் துண்டு. திட்டுவதற்கு மட்டும் துண்டை விலக்குவார்.

இந்த ஆற்றில்தான் பொய்மீன்கள் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்களும் சில சீன முதலாளிமார்களும் சம்பானில் ஏறி, ஜெலுத்தோங் பக்கம் ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொடுவா மீன் பிடிக்க வருவார்கள். அவர்களுக்குப் புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். பித்தளையிலும் மரத்திலும் மீன் மாதிரியே செய்து, வயிற்றில் முள் மாட்டி, தூரமாக வீசி இழுப்பார்கள். நிஜ மீன் அதை இரை என்று நம்பிப் பாய வேண்டும். பாதி நேரம் எந்த மீனும் பாயாது. பொய்மீன்தான் போய்ப் பாலத்துக் காலிலோ முங்கிக் கிடக்கிற மரத்திலோ மாட்டிக்கொள்ளும். துரை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், ஏதோ திட்டுவார், நூலை அறுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் கூலிக்காரனின் கால் அதைக் கண்டுபிடிக்கும்.

வேலுவின் குதிகால் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, மூன்று முள்ளும் உள்ளே போய், ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். வேலுவும் இராயப்பனும் பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள். அன்று முதல் ஆற்றில் இறங்கும்போதெல்லாம் வேலு வெள்ளைக்காரனின் ஏழு தலைமுறையையும் ஒரு சுற்று விசாரிப்பான். இராயப்பன் திட்டவில்லை. தேட ஆரம்பித்தான்.

அதற்கு ஒரு முறை உண்டு. முள்ளைத் தேடக் கூடாது, நூலைத் தேட வேண்டும். மரக்காலை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனால் பாசிக்கு நடுவில் மயிர் மாதிரி ஒன்று விரலில் தட்டும். அதை இழுத்தால் முள் கையில் ஏறிவிடும். இழுக்காமல், இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, கண் தெரியாதவன் சுவரைப் பிடித்துப் போவதுபோல அதன் போக்கிலேயே போக வேண்டும். கடைசியில் அது இருக்கும், குளிர்ந்துபோய், மீன் வடிவத்தில்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவனுடைய அறையில், சுவருக்குச் சுவர் ஒரு தென்னங்கயிறு கட்டி அதில் எல்லாவற்றையும் குத்தி வைத்திருந்தான். கரண்டி மாதிரி வளைந்த பித்தளைகள், சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக மரமீன்கள், கோழி இறகு கட்டிய ஈயக்கட்டி, கண்ணாடிக் கண் வைத்த ஒன்று. அந்த ஆற்றில் அவன் கை தொட்டவற்றில் அழுகாமல் இருந்தவை அவை மட்டும்தான். வேறு காரணம் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. பெண்டாட்டி ஊரில் பேதி கண்டு செத்த சேதி வந்தபோது அவன் இதே ஆற்றில்தான் நின்றுகொண்டிருந்தான். பிள்ளை கிடையாது. லயத்தில் மற்றவர்கள் எல்லாம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள். அவன் ஒருவன்தான் வேதக்காரன். யாரும் அவனை விலக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பான். வாசல் பக்கமிருந்து காற்று வந்தால் மீன்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். பேச்சுச் சத்தம் என்று பார்த்தால் அந்த அறையில் அதுதான்.

அவன் வாய் திறந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு. பினாங்கு ரோட்டுச் சவேரியார் கோயில் மதில் ஓரமாக ரோசம்மா நிற்பாள். நார்த்தம் ரோட்டில் ஒரு கம்பெனித் துரையின் பங்களாவில் குழந்தை பார்க்கிற ஆயா. சுங்கை பாக்காப் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், கட்டியவனை மலேரியாவுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டணத்துக்கு வந்தவள். நாக்கில் கத்தி வைத்திருப்பாள். ஆனால் அவள் பேசினால் இராயப்பனுக்கு இடுப்பு வலி கொஞ்சம் மறந்துவிடும். ஒருமுறை சட்டைப் பையில் ஒரு மரமீனைக் கொண்டுபோய்க் காட்டினான்.

"இது என்னண்ணே, மீனுக்குப் பொம்மைக் கடை போடப் போறீங்களா?" என்று சிரித்தாள். பிறகு அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம்லா. எதையும் பிடிக்காமலே ஆத்துல கெடந்துச்சா?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் வாரம் முழுக்க நல்லவிதமாக இருந்தான்.

வெள்ளிமீன் கிடைத்தது புனித அன்னம்மாள் திருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால். பாலத்துக்குக் கீழே, மூன்றாவது காலில், நூல் புத்தம் புதிதாக இருந்தது. அதன் போக்கிலேயே போய்க் கையில் எடுத்துத் தண்ணீரில் அலசியதும் இராயப்பனுக்கு மூச்சு நின்றுவிட்டது. பித்தளை இல்லை. வெள்ளி. சுத்த வெள்ளி. விரல் நீளம். ஒவ்வொரு செதிலாக வெட்டியிருந்தார்கள். வால் ஓரத்தில் இங்கிலீஷில் இரண்டு எழுத்து. கரையில் மண்டோர் முதுகைத் திருப்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இராயப்பன் அதைத் தலைத்துண்டுக்குள் செருகிக்கொண்டான்.

அவன் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. அவன் பிறந்த வலைகாரர் கடற்கரையில், கடல் கக்கியது கண்டவனுக்குச் சொந்தம், கண்டதில் நல்லது கோயிலுக்குச் சொந்தம். மரம் ஒதுங்கினாலும் அப்படித்தான், பாய்மரத் துணி ஒதுங்கினாலும் அப்படித்தான். அதைவிட, அவனுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. முன்பு ஒருமுறை சம்பானுக்கும் பாலத்துக்கும் நடுவில் கால் சிக்கிப் புண் புரையோடி, காலையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் தங்கினால் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாளுக்கு வெள்ளிமீன் காணிக்கை போடுவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நேர்ந்துகொண்டான். கண்ணுக்கு நேர்ந்தவன் வெள்ளியில் கண்ணும், காலுக்கு நேர்ந்தவன் காலும் போடுவது மற்ற ஊர் வழக்கம். வலைகாரன் வீட்டில் எந்த நேர்ச்சையானாலும் மீன்தான். கால் தங்கியது. மீன் செய்கிற வசதிதான் வரவில்லை.

"உங்க அன்னம்மா பாதி வேலைதான் பாத்திருக்கா," என்று வேலு சொல்வான். "காலைக் குடுத்துட்டு இடுப்பைப் பிடிச்சு வச்சிருக்கா பாரு. பாக்கியைக் கட்டு, மீதியையும் விடுவா."

அன்னம்மாளே பார்த்து அனுப்பிவிட்டாள் என்று இராயப்பன் முடிவு செய்தான். வயிற்றிலிருந்த முள் இரண்டையும் குறடு வைத்துக் கழற்றினான். சாம்பல் போட்டுத் தேய்த்தான். வால் ஓட்டையில் சிவப்பு நூல் கட்டினான். திருநாளன்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய், சுரூபத்தின் காலடியில் மற்றக் காணிக்கைகளோடு தொங்கவிட்டுவிட்டு வந்தான். அக்கரையிலிருந்து திரும்பி வருகிற கப்பலில் நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் வாத்துக் கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாவின் முகம் வீங்கியிருந்தது.

"என்னத்த சொல்றதுண்ணே. என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க." அவள் மதிலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "தொரையோட தூண்டில் பெட்டியில ஒரு வெள்ளி மீனு. அவங்க அப்பா செத்துப்போனவரு குடுத்ததாம். வால்ல அவரு பேரோட எழுத்துகூட இருக்குமாம். பெட்டியத் தொறந்தா அதைக் காணோம். வீட்டுல குசினிக்காரன் சீனன், தோட்டக்காரன், நான். குழந்தை ரூம்லதான் அந்தப் பெட்டி இருந்துச்சு. அப்ப யாரு?"

இராயப்பனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"தொரைசாணியம்மாவோட தம்பி ஒருத்தரு வந்து தங்கியிருந்தாருல்ல, சின்ன தொரை. அவருதான் சொல்லாமக்கொள்ளாம பெட்டியத் தூக்கிட்டுச் சம்பான்ல போனாரு. என் கண்ணால பாத்தேன். தொலைச்சுட்டு வாயத் தொறக்காமக் கப்பலேறி சிங்கப்பூருக்குப் போயிட்டாரு. அதை நான் சொன்னா, 'என் தம்பியவா சொல்ற'ன்னு அந்தம்மா அடிக்க வருது. வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் தவணை. சாமான் வரலைன்னா போலீசு மாத்தாகிட்ட சொல்லிடுவேன்னிருச்சு."

"ரோசம்மா," என்றான் இராயப்பன். "அது என்கிட்ட வந்துச்சு. ஆத்துல. பாலத்துக்கு அடியில."

அவள் சட்டென்று திரும்பினாள். அழுத முகத்திலேயே சிரிப்பும் வந்தது. "அட ஆண்டவரே! அப்பக் கொண்டாங்கண்ணே! இப்பவே கொண்டாங்க!"

"இப்ப என்கிட்ட இல்ல. அன்னம்மாளுக்குப் போட்டுட்டேன்."

சிரிப்பு நின்றது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயிலுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஜெபம் ஒப்பிக்கிற சத்தம் வந்தது.

"சாமிக்குப் போட்டதை எப்படித் திருப்பி எடுக்கிறது?" என்றாள் கடைசியில். அவளே பதிலும் சொன்னாள். "அன்னம்மாளும் ஒரு பொம்பளைதானேண்ணே. என் பேரு நாறுறதைப் பாத்துக்கிட்டு அவளுக்கு அந்த மீனு எதுக்கு? எடுத்துட்டு வாங்க. சாமான் மட்டும் பத்தாது. நீங்களே வந்து, ஆத்துல எடுத்தேன்னு தொரை மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நல்லவள்னு எழுதிக் குடுக்குற சீட்டு இல்லாம இந்த வீட்டை விட்டுப் போனா இன்னொரு வெள்ளைக்காரன் என்னை வாசல்ல ஏத்த மாட்டான். தோட்டத்துலயும் ஆளைக் கொறைக்கிறாங்க. கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்க. அங்க எனக்கு நாயி இருக்கா, பூனை இருக்கா? நான் பொறந்தது இங்க."

"சொல்றேன்," என்றான் இராயப்பன். "சத்தியமா சொல்றேன்."

அப்போது அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

அந்த வருஷம் ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. தோட்டம், துறைமுகம், ரோட்டு வேலை என்று எல்லா இடத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக் கூட்டத்திலும் யாரைக் கழிக்கலாம் என்று மண்டோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் எடுக்கிற எதுவானாலும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பித்தளை, ஈயம், பொய்மீன் எல்லாம் அவர் வழியாகத்தான் கடைக்குப் போகும். புதன்கிழமை சின்னையா என்கிற கிழவன் ஒரு பித்தளைக் குழாயை வேட்டிக்குள் முடிந்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தாயோளி, சர்க்கார் ஆத்துலயே திருடுறியா?" என்று கரையில் எல்லார் முன்னாலும் வேட்டியை உருவினார். சின்னையா கோவணத்தோடு நின்று கும்பிட்டான். அன்று சாயங்காலமே அவனுடைய அறைக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். இந்தியாக் கப்பலுக்குப் பேர் எழுதியாயிற்று என்று சொன்னார்கள். கிழவன் லயத்து வாசலில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "நான் என்னய்யா செய்வேன், என் ஊரு பேருகூட மறந்துபோச்சேய்யா," என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இராயப்பன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கயிற்றிலிருந்த பொய்மீன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தான். அவசரத்தில் இரண்டு முள் விரலில் ஏறின. வெறும் கயிறு மட்டும் சுவருக்குச் சுவர் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முதல் கப்பலில் அக்கரைக்குப் போய், ரயிலேறிப் புக்கிட் மெர்த்தாஜாமில் இறங்கினான். திருநாள் முடிந்த கோயில் வெறிச்சென்று கிடந்தது. கோயில்பிள்ளை சூசை, மெழுகு சிந்திய தரையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். இராயப்பன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நான் இந்தக் கோயில்ல இருந்து நரைச்சுட்டேன்," என்றார் சூசை. "காணிக்கை போட மறந்தவனைப் பாத்திருக்கேன். ஈயத்தைப் போட்டுட்டு வெள்ளின்னு சொன்னவனைப் பாத்திருக்கேன். போட்டதைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்யா."

"ஒரு பொம்பளையோட பேருய்யா."

"உன் பொம்பளையா?"

இராயப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. அண்ணேன்னுதான் கூப்பிடும்."

சூசை அவனை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்ச் சாமியாரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தார். மரப்பெட்டியைத் திறந்து வெள்ளிக் கண்களையும் கைகளையும் விலக்கி, சிவப்பு நூலைப் பிடித்து மீனைத் தூக்கினார். "சாமியார் சரின்னுட்டாரு. கடனா எடுத்துட்டுப் போ. அன்னம்மாளுக்கு அவசரமில்ல. ஆனா மறக்கவும் மாட்டா."

திரும்பி வருகிற வழியெல்லாம் இராயப்பன் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஆத்துல எடுத்தேன் தொரை. ஆத்துல எடுத்தேன். கப்பலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலாயிலும் சொல்லிப் பார்த்தான். சுங்கை, துவான். சுங்கை. எவ்வளவு சின்ன வார்த்தை.

பங்களாவில் தேநீர் நேரம். துரை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் துரைசாணி. கதவோரம் ரோசம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் அவள் உதடு ஏதோ ஜெபம் சொன்னது. இராயப்பன் படிக்குக் கீழே நின்று, துண்டை அவிழ்த்து, மீனை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான்.

துரை எழுந்தே விட்டார். வாங்கி, வாலைப் பார்த்து, அந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவினார். கண் கலங்கின மாதிரிகூட இருந்தது. கெட்டவராகத் தெரியவில்லை. பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயில் அன்பாகத்தான் விசாரித்தார், எங்கே வேலை செய்கிறாய் என்று.

ஆறு சுத்தம் செய்கிற வேலை என்றான் இராயப்பன்.

"அப்படியா! உங்கள் எஞ்சினியர் துரை என்னுடைய நல்ல சிநேகிதர். நேற்றுகூட கிளப்பில் பார்த்தேன். உன்னைப் பற்றிச் சொல்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு கேட்டார். "இது எங்கே கிடைத்தது? மானா டாப்பாட்?"

நல்லது செய்வதாக நினைத்துத்தான் துரை அதைச் சொன்னார். இராயப்பனுக்கோ தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சின்னையா கண்முன் வந்து நின்றான். எஞ்சினியர் துரை, அங்கிருந்து மண்டோர், அங்கிருந்து கப்பல். சுங்கை என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"கெரெஜா, துவான்."

கோயிலில். அது பொய் இல்லை. இன்று காலை அதை அவன் கோயிலில்தான் வாங்கினான். அப்படித்தான் அந்த நிமிஷத்தில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

துரைசாணி மீனை வாங்கிப் பார்த்தாள். முள் இல்லாத வயிறு. வாலில் சிவப்பு நூல். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. துரையிடம் வேகமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். இராயப்பனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ரோசம்மாவுக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போனதை அவன் பார்த்தான்.

"ஐயையோ இல்லைம்மா! நான் கோயிலுக்குக் குடுக்கல!" என்று தமிழிலேயே கத்தினாள். பிறகு இவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே! திருடிக் கொண்டுபோய் நான் சாமிக்குப் போட்டேன்னு சொல்றாங்கண்ணே! ஆத்துலன்னு சொல்லுங்க! சுங்கைன்னு சொல்லுங்கண்ணே!"

குழந்தை வீரிட்டது. துரை கையை உயர்த்தினார். நியாயமான மனிதர், இன்னொரு தரம் கேட்டார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. "சுங்கையா? கெரெஜாவா?"

வராந்தா முழுக்க அவன் வாயைப் பார்த்தது. குசினிக்காரச் சீனன்கூடத் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். இராயப்பன் படியில் கிடந்த பன்னீர்ப்பூ ஒன்றைப் பார்த்தான்.

"கெரெஜா," என்றான்.

போலீசுக்குச் சொல்லவில்லை. சாமான்தான் வந்துவிட்டதே. ரோசம்மா கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அன்றுவரைக்கும் உள்ள சம்பளம் கொடுத்தார்கள். சீட்டு இல்லை.

அவள் தகரப் பெட்டியும் பாயுமாக வாசலுக்கு வந்தபோது அவன் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். போய்விடலாம் என்று பார்த்தான். இடுப்பு நகரவில்லை.

"என்னண்ணே, நாக்கை அன்னம்மா கோயில்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"ரோசம்மா, மண்டோரு வந்து..."

"தெரியும். ஊரே சின்னையா கதையத்தானே பேசுது." அவள் குரல் உயரவே இல்லை. "ஆத்துலன்னு சொன்னா உங்க வேலை போகும். சொல்லலைன்னா என் வேலை போகும். ரெண்டுல ஒண்ணு போகணும்னா இவளோடது போகட்டும்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. முன்னாடியே வந்து என்னைக் கேட்டிருக்கலாம்லா? கேட்டிருந்தா ஒருவேளை நானே சரிண்ணேன்னு சொல்லியிருப்பேன். வேலை போனாப் போகுது. இப்ப பேரும் போச்சு. சாமி பேரைச் சொல்லித் திருடினவள்னு போச்சு."

பெட்டியை வாங்கக் கையை நீட்டினான். அவள் அதை மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். கப்பல் துறைவரைக்கும் அவன் பின்னாலேயே போனான், தெரியாதவன்போல தூரம் விட்டு. பட்டர்வொர்த் கப்பல் கிளம்பியது. அவள் பெட்டிமேல் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுங்கை பாக்காப்பில் அவளுடைய தம்பி வீடு இருந்தது. தம்பிக்கும் அந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இராயப்பன் பூசைக்குப் போனான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முடிந்து வெளியே வரும்போது, ரயில்வே கிளார்க்கின் மனைவி சவுந்தரம் அவனை நிறுத்தினாள். அதுவரை அவனிடம் அவள் பேசியதில்லை. கையில் பூசைப் புத்தகமும் கழுத்தில் சங்கிலியுமாக, பக்கத்தில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நார்த்தம் ரோட்டு ஆயா திருடின சாமானை நீங்கதான் கோயில்ல கண்டுபிடிச்சுத் துரைகிட்ட ஒப்படைச்சீங்களாமே?"

மதில் ஓரம் காலியாக இருந்தது. ஒரு வேப்பங்குச்சி விற்கிறவன் அங்கே கூடையை இறக்கி வைத்திருந்தான்.

"ம்," என்றான் இராயப்பன்.

"நம்மாளுங்கள்ல இப்படி ஒருத்தராவது இருக்கீங்களே," என்றாள் சவுந்தரம். போகும்போது மற்றவர்களிடம், "பாக்கத்தான் கூலி, யோக்கியன்," என்று சொன்னதும் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை தண்ணீர் வற்றியதும் இறங்கினார்கள். வேலு வெள்ளைக்காரனின் தலைமுறைகளை விசாரித்துக்கொண்டே மட்டை வெட்டினான். பாலத்துக் காலைத் தடவும்போது இராயப்பனின் விரலில் ஒரு நூல் தட்டியது. அதை அவன் தொடரவில்லை. விட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனான்.

"என்னப்பா, பொம்மை மீனு வேணாமா?" என்றான் வேலு.

"வேணாம்."

"உடம்பு சரியில்லையா?"

"இடுப்புதான்."

அன்னம்மாளுக்கு ஒரு வெள்ளிமீன் கொடுக்க வேண்டும். அதை இன்றைக்கில்லாவிட்டால் இன்னும் சில வருஷத்தில் கூலியை மிச்சம் பிடித்துத் தட்டானிடம் செய்து போட்டுவிடலாம். ரோசம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது வேறு. நார்த்தம் ரோட்டு வராந்தாவில் ஏறி நின்று, இதை நான் ஆற்றில் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தக் கடனை இராயப்பன் இன்னும் கொடுக்கவில்லை.